தாஷ்கண்டின் இல்ஹோம் அரங்கு: வேறு இடம் கொடுத்தால் போதாதா?

கேள்வி இது: உஸ்பெகிஸ்தானின் தலைநகர் தாஷ்கண்டில் ஒரு கட்டிடத்தின் பேஸ்மென்ட்டில் இயங்கும் இல்ஹோம் என்ற சிறு நாடக அரங்கை, கட்டிடம் கைமாறியதும் காலி செய்யச் சொன்னார்கள் என்ற செய்தி வந்தபோது அத்தனை பெரிய எதிர்ப்பு எதற்காக? நகரம் வளரத்தானே செய்யும்? வேறு ஒரு நல்ல கூடமாகக் கட்டிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீராதா?

தீராது என்பதுதான் என் பதில். ஆனால் அப்போது பலர் சொன்ன காரணத்துக்காக அதைச் சொல்லவில்லை. "எத்தனை நினைவுகள் நிறைந்த சுவர்கள்" என்ற வாதத்தில் எனக்கு ஈடுபாடு குறைவு. நாடகக்காரர்கள் ஊர் ஊராகப் போய் ஆடியவர்கள். சுவருக்காக அழுதுகொண்டிருந்தால் அந்தக் கலையே இருந்திருக்காது. இல்ஹோம் விஷயத்தில் பார்க்க வேண்டியது, அந்தக் குழு அந்த பேஸ்மென்ட்டில் யாருடைய ஆளாக இருந்தது என்பதை. கிட்டத்தட்ட யாருடைய ஆளாகவும் இல்லை. அந்த நிலை எப்படி வாய்த்தது, இப்போது ஏன் கையைவிட்டுப் போகப் பார்க்கிறது என்று புரிந்தால் மீதியெல்லாம் தானாக விளங்கும். கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குகிறேன்.

சோவியத் காலத்தில் நாடகம் என்பது அரசு உத்தியோகம். நடிகருக்கு மாதச் சம்பளம், அரங்குக்கு அரசு மானியம், வருடத்துக்கு இத்தனை புது நாடகம் என்று திட்டம். பிரதி முதலில் தணிக்கைக்குப் போகும். ஒத்திகை முடிந்ததும் பண்பாட்டு அதிகாரிகள் வந்து உட்கார்ந்து முழு நாடகத்தையும் பார்ப்பார்கள். அவர்கள் தலையாட்டினால்தான் டிக்கெட் விற்கலாம். மோசமான ஏற்பாடு என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. நடிகர்கள் வாழ்நாள் முழுக்க ஒரே குழுவில் இருந்து கற்றுக்கொள்ள முடிந்தது, சிற்றூர்களில்கூட நல்ல அரங்குகள் இருந்தன. ஆனால் அந்த வரிசைக்கு வெளியே ஒரு நாடகக்குழு இருக்க இடமே கிடையாது.

இல்ஹோம் அந்த வரிசையில் நிற்காமல் நழுவியது 1976-ல். தாஷ்கண்டில் 1952-ல் பிறந்து அங்கேயே நாடகக் கல்லூரியில் படித்த மார்க் வைல் என்ற இளைஞர், தன் வயதுக்காரர்களோடு சேர்ந்து தொடங்கியது. பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் நாடக அரங்காகப் பதிவு செய்யவில்லை. கொம்சொமோல் என்ற கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பின் நிழலில், நாடக இளைஞர்களுக்கான பரிசோதனைக் கூடம் என்ற பெயரில் இடம் வாங்கினார்கள். இடம் எது? பக்தகோர் தெருவில் இருந்த இளைஞர் மாளிகையின் பேஸ்மென்ட். அமைச்சகத்தின் கணக்கில் இல்லை என்பதால் மானியமும் இல்லை. அதே காரணத்தால் அமைச்சகத்தின் அதிகாரிகள் வழக்கமாக நீட்டும் கையும் அங்கே எளிதில் எட்டவில்லை. சோவியத் ஒன்றியத்தின் முதல் சுயாதீன அரங்குகளில் ஒன்று என்று இல்ஹோமைச் சொல்வது இதனால்தான். மாஸ்கோவிலும் லெனின்கிராதிலுமே அரிதாக இருந்த ஒன்று, மையத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்த ஊரில் நடந்தது. தள்ளி இருந்ததும் ஒரு வசதி.

அந்த ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியர்களுக்கு தாஷ்கண்ட் என்றதும் 1966 ஜனவரியும் லால் பகதூர் சாஸ்திரியும் நினைவுக்கு வரும். அங்கே இந்திய-பாகிஸ்தான் ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்றரை மாதத்தில், ஏப்ரல் 26 அதிகாலை 5:23 மணிக்கு, நகரத்துக்கு நேர் அடியில் நிலம் குலுங்கியது. அளவில் பெரிய நடுக்கம் இல்லை, ரிக்டரில் ஐந்தை ஒட்டித்தான்; ஆனால் மிகக் குறைந்த ஆழத்தில் நடந்ததால் பழைய மண்வீடுகள் சரிந்தன. ஏறக்குறைய மூன்று லட்சம் பேருக்கு வீடு இல்லாமல் போனது. சோவியத்தின் எல்லாக் குடியரசுகளிலிருந்தும் கட்டுமானப் படைகள் வந்து அகலமான சாலைகளும் அடுக்குமாடிகளும் கொண்ட புது நகரம் ஒன்றை எழுப்பினார்கள். இன்று நாம் பார்க்கிற தாஷ்கண்ட் பெரும்பாலும் அந்த ஒரு காலைப் பொழுதின் விளைவு. 1977-ல் மெட்ரோ ரயிலும் வந்தது, மத்திய ஆசியாவிலேயே முதலாவது.

நகரத்து மக்களும் அப்படியே பல இடங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். உஸ்பெக்குகளும் தாஜிக்குகளும் இருந்த ஊருக்கு ஜார் காலத்தில் ரஷ்யர்கள் வந்தார்கள். 1937-ல் ஸ்டாலின் தூரக்கிழக்கிலிருந்து கொரியர்களை மொத்தமாக நாடுகடத்தி இந்தப் பக்கம் அனுப்பினார். இரண்டாம் உலகப் போரில் மேற்கே இருந்து அகதிகளும், தொழிற்சாலைகளும், முழு நாடகக்குழுக்களுமே ரயிலேறி வந்தன. மாஸ்கோவின் யூத நாடக அரங்கு சாலமன் மிஹோயெல்ஸ் தலைமையில் இங்கேதான் ஆடியது. கவிஞர் அன்னா அக்மதோவா போர்க்காலத்தில் இங்கே வாழ்ந்தார். ஆகவே 1976-ல் ஒரு தாஷ்கண்ட் அரங்கில் வந்து உட்காரும் கூட்டத்தில் ரஷ்யர், உஸ்பெக், யூதர், தாத்தார், ஆர்மீனியர், கொரியர் எல்லாரும் கலந்திருப்பார்கள். அரசு அரங்குகள் ரஷ்ய நாடகத்துக்கு ஒன்று, உஸ்பெக் நாடகத்துக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருந்தன. இல்ஹோம் அந்தப் பிரிவையும் கண்டுகொள்ளவில்லை. ஒரே நாடகத்தில் இரண்டு மொழியும் வரும், தெருவில் வருவது போலவே.

முதல் ஆண்டில் அவர்கள் போட்டவற்றில் ஒன்று "மஸ்கரபோஸ்-76". மஸ்கரபோஸ் என்பவர்கள் உஸ்பெக் சந்தைகளில் நின்று பெரிய மனிதர்களை நக்கலடித்து ஆடிய நாட்டுப்புறக் கோமாளிகள். பழைய அந்த மரபைத் தலைப்பிலேயே எடுத்துக்கொண்டு, எழுதி முடித்த பிரதியை நம்பாமல் அந்தந்த நேரத்தில் கற்பனை செய்து ஆடினார்கள். எழுதாத வசனத்தை யாரால் முன்கூட்டியே தணிக்கை செய்ய முடியும்? கலைத் தேர்வும் தந்திரமும் இங்கே ஒன்றாகவே நடந்தன.

சோவியத் சரிந்த பிறகு இல்ஹோம் செய்த வேலைதான் என் கணக்கில் இன்னும் முக்கியமானது. பல ரஷ்ய மொழி அரங்குகள், ரஷ்யர்கள் ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த அந்த 1990களில், பழைய பார்வையாளர்களை நினைத்து ஏங்கியே தேய்ந்தன. வைல் எதிர்த்திசையில் போனார். இந்த மண்ணின் கதைகளைக் கையில் எடுத்தார். 1938-ல் ஸ்டாலின் ஆட்சி சுட்டுக்கொன்ற உஸ்பெக் எழுத்தாளர் அப்துல்லா காதிரியின் எழுத்தை வைத்து 1998-ல் "வெண்ணிற வெண்ணிறக் கருநாரை". ஊர் வகுத்த ஆண்மைக்குள் பொருந்தாத ஒரு பையனும், அவனுக்குக் கட்டாயமாக மணமுடித்து வைக்கப்படும் பெண்ணும் அதன் நடுவில் இருக்கிறார்கள். அதன் பிறகு, புஷ்கின் 1824-ல் குர்ஆனைப் படித்த தாக்கத்தில் எழுதிய கவிதை வரிசையை வைத்து ஒரு நாடகம். அப்புறம் சூஃபிக் கவி மஷ்ரப் பற்றி ஒன்று. 2006-ல், ரஷ்யாவிலிருந்து வந்து, துர்கிஸ்தான் என்று அப்போது அழைக்கப்பட்ட இந்தப் பகுதியில் தங்கி உஸ்தோ மூமின் என்று பெயர் வைத்துக்கொண்ட ஓவியர் அலெக்சாந்தர் நிகோலாயெவைப் பற்றி ஒன்று. பெண்வேடமிட்டு ஆடும் பையன்களின் பழைய மரபை அது நேருக்கு நேர் பார்த்தது. ஆண்களுக்கிடையே தன்பால் உறவு சட்டப்படியே குற்றமாக இருக்கும் நாட்டில், அரசு வாசலில் நிற்கிற ஓர் அரங்கால் இவற்றைத் தொட்டிருக்கவே முடியாது. இல்ஹோம் தொட்டது, அதையும் ஜனாதிபதி இஸ்லாம் கரிமோவின் இறுக்கமான ஆட்சிக் காலத்தில்.

இடத்துக்கும் இதில் பங்கு உண்டு. படியிறங்கிப் போக வேண்டும். கூரை தாழ்வு, மேலேயிருந்து திரைச்சீலைகளையும் காட்சித் தட்டிகளையும் இறக்கும் வசதி எல்லாம் அங்கே பேச்சுக்கே இல்லை. பார்வையாளர் நடிகருக்கு மிக அருகில் இருப்பார். பெரிய மேடையில் எடுபடும் சைகைகள் அங்கே பொய்யாகத் தெரியும், அதனால் நடிப்பே வேறு மாதிரி வளர்ந்தது. அரங்குக்கு முன்னால் இருக்கும் கூடம் ஓவியக் கண்காட்சிக்கு, இசைக்கு, நாடகம் முடிந்தபின் பேச்சுக்கு. இசையமைப்பாளர் திமித்ரி யானோவ்-யானோவ்ஸ்கி 1996-ல் தொடங்கிப் பத்தாண்டு நடத்திய நவீன இசை விழாவுக்கு இல்ஹோமின் பெயரே இருந்தது. அர்த்யோம் கிம் உருவாக்கிய ஓம்னிபஸ் என்ற இசைக்குழு 2004-ல் இந்த வட்டத்திலிருந்து பிறந்தது. சொந்தமாக நடிப்புப் பள்ளியும் வைத்திருக்கிறார்கள். வேறு ஒரு நாட்டில் நான்கு நிறுவனங்கள் செய்யும் வேலை இது.

2007 செப்டம்பர் 6 இரவு, புது சீசன் தொடங்க ஒரு நாள் இருந்தபோது, ஒத்திகை முடிந்து வீடு திரும்பிய வைலை அவருடைய குடியிருப்பின் வாசலில் வைத்துத் தாக்கினார்கள். சில மணி நேரத்தில் இறந்துபோனார். பழங்கால கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் "ஒரெஸ்தியா"வோடு திட்டமிட்டபடி சீசனைத் தொடங்கினார்கள் அவருடைய நடிகர்கள். 2010-ல் மூன்று பேருக்குத் தண்டனை கிடைத்தது. அந்தப் புஷ்கின் நாடகத்தின் மேல் இருந்த கோபமே காரணம் என்று வழக்கில் சொல்லப்பட்டது. வைலுக்குப் பிறகு அவரிடம் வளர்ந்த நடிகர் போரிஸ் கஃபூரோவ் கலைப் பொறுப்பை ஏற்றார். நிறுவியவர் போனதும் கலைந்துபோகும் குழுக்கள்தான் உலகில் அதிகம். இது கலையவில்லை.

பணம்? டிக்கெட், வெளிநாட்டுப் பயணங்கள், ஆதரவாளர்கள், அவ்வப்போது நிதியுதவி. வெளிநாட்டு நிதியும் நம்பகமாக இல்லை: 2004-ல் ஓபன் சொசைட்டி அறக்கட்டளை உஸ்பெகிஸ்தானிலிருந்து வெளியேற வேண்டியிருந்தது, 2005-ல் அந்திஜான் நகரில் அரசுப் படைகள் மக்கள் கூட்டத்தின் மேல் சுட்டதற்குப் பிறகு இன்னும் பல அமைப்புகள் போயின. ஆக இந்தக் குழு தணிக்கையையும், மக்கள் வெளியேற்றத்தையும், கொலையையும், பண வறட்சியையும் தாண்டி நின்றது. கடைசியில் வாசலில் வந்து நின்றது ரியல் எஸ்டேட்.

இப்போது நகரத்தின் கதைக்கு வருகிறேன். தாஷ்கண்டில் நகர வளர்ச்சி என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு சதுக்கம் போதும், அமீர் தைமூர் சதுக்கம். முதலில் அங்கே ஜார் ஆட்சியின் தளபதி காஃப்மனின் சிலை. புரட்சிக்குப் பிறகு அது போனது. பின்னர் ஸ்டாலின். ஸ்டாலினும் போய் 1968-ல் கார்ல் மார்க்ஸின் தலை. 1993-ல் குதிரை மேல் தைமூர். இத்தனை மாற்றத்திலும் சதுக்கத்தைச் சுற்றி நின்றவை நிழல் தரும் பழைய சினார் மரங்கள் மட்டும்தான். 2009 நவம்பரில், யாரிடமும் கேட்காமல், அவற்றையும் வெட்டிச் சாய்த்தார்கள். அப்போது அதை எதிர்த்து வெளிப்படையாகப் பேசவே ஆட்கள் பயந்தார்கள். வைல் உயிரோடு இருந்திருந்தால் அதைப் படம் பிடித்திருப்பார். தன் நகரம் மாறிக்கொண்டே போவதைப் பற்றி 1990களில் ஆவணப்படம் எடுத்தவர் அவர்.

2016-ல் கரிமோவ் இறந்து ஷவ்கத் மிர்சியோயெவ் வந்தார். நாடு திறந்தது, நாணயம் மாற்றலாம், வெளிநாட்டார் வரலாம், முதலீடு செய்யலாம். இது உண்மையான மாற்றம்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் திறந்த கதவு வழியாக முதலில் உள்ளே வந்தது சிமெண்ட். நகர மையத்தில் சுமார் 80 ஹெக்டேரில் தாஷ்கண்ட் சிட்டி என்ற வணிக வளாகம் 2017-ல் அறிவிக்கப்பட்டது. அதற்காக உக்சி, அல்மசார் போன்ற பழைய மஹல்லாக்கள், அதாவது முற்றமும் திராட்சைப் பந்தலுமாக வீடுகள் நெருங்கி நிற்கும் குடியிருப்புகள், இடிக்கப்பட்டன. திரைப்படக் கலைஞர்களின் மாளிகையான தோம் கினோவை 2018-ல் தரைமட்டமாக்கினார்கள். சோவியத் காலத்தின் கடைசிப் பகுதியில் கட்டிய நல்ல கட்டிடம் அது, இடிந்து விழும் நிலையில் ஒன்றும் இல்லை. இன்று அந்த வளாகத்தில் ஐம்பது மாடிக்கு மேல் உயர்ந்த கோபுரம், மாநாட்டுக் கூடம், இசைக்கு ஆடும் நீரூற்று, மெழுகுச் சிலைக் காட்சியகம் எல்லாம் உண்டு. மெழுகுச் சிலைகளுக்கு இடம் கிடைத்தது.

ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது. 2009-ல் வாயடைத்து நின்ற நகரம் 2018-ல் பேசத் தொடங்கியது. இடிப்பைக் குறிக்கும் ரஷ்யச் சொல்லைப் பெயரிலேயே வைத்து "தாஷ்கண்ட்-ஸ்நோஸ்" என்று ஒரு ஃபேஸ்புக் குழு உருவாகி, பல ஆயிரம் பேர் தங்கள் தெருவில் நடப்பதைப் படத்தோடு போட்டார்கள். அந்தச் சத்தத்தின் பயனாகவும்தான் 2019-ல், முதலில் சந்தை விலைப்படி இழப்பீடு, பிறகுதான் இடிப்பு என்ற விதி வந்தது. நடைமுறையில் ஓட்டைகள் இருந்தாலும் அது முன்னேற்றம்.

இப்போது கவனியுங்கள். அந்த விதி யாரைக் காக்கிறது? சொத்தின் உரிமையாளரை. நாடகக்குழு எங்கேயும் உரிமையாளர் இல்லை, அது குடியிருப்பவர். இன்னொரு பக்கம், மரபுக் கட்டிடங்களைக் காக்கும் சட்டமும் இருக்கிறது. சில ஆண்டுகளாக உஸ்பெகிஸ்தானின் கலை, பண்பாட்டு மேம்பாட்டு அறக்கட்டளை தாஷ்கண்டின் சோவியத் கால நவீனக் கட்டிடங்களை ஆராய்ந்து, 2023-ல் உலகத்து வல்லுநர்களை அழைத்து மாநாடே நடத்தியது. பல கட்டிடங்கள் பாதுகாப்புப் பட்டியலில் ஏறின. நல்ல காரியம். ஆனால் பட்டியல் எதைப் பார்க்கும்? முகப்பை, மொசைக்கை, கான்கிரீட் சல்லடையை. உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. ஒரு கட்டிடத்தை வெளியே ஒரு கீறல் விழாமல் காப்பாற்றிவிட்டு, உள்ளே இருந்த அரங்கை எடுத்துவிட்டு ஜிம் வைத்தாலும் சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கும். சொத்துச் சட்டமும் மரபுச் சட்டமும் சந்திக்காத அந்த இடுக்கில்தான் இல்ஹோம் உட்கார்ந்திருக்கிறது. 1976-ல் அமைச்சகத்துக்கும் இளைஞர் அமைப்புக்கும் நடுவே இருந்த இடுக்கு அதற்கு உயிர் கொடுத்தது. இந்த இடுக்கு அப்படிப்பட்டதில்லை.

கட்டிடத்தின் கதையும் இதையே காட்டுகிறது. இளைஞர் மாளிகை என்பது பிறகு ஷோத்லிக் பேலஸ் என்ற ஹோட்டலானது. மேலே பெயர்ப்பலகை மாற மாற, கீழே அரங்கு அப்படியே இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் கட்டிடம் தனியார் நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. புதுப்பிக்கப் போகிறோம், காலி செய்யுங்கள் என்றார்கள். இணையத்தில் கையெழுத்து இயக்கம், உள்ளூர்ப் பத்திரிகைகள், வெளிநாட்டு நாடகக்காரர்கள் என்று எதிர்ப்பு பெரிதாகி அரசு மட்டத்துக்கே எட்டியது. அப்போதைக்கு அரங்கு வெளியேற்றப்படவில்லை, அதற்குப் பிறகும் அதே முகவரியில் நாடகங்கள் நடந்தன. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: கூட்டம் சேர்ந்து கத்தியதால் கிடைத்த இடம், கூட்டம் கலைந்ததும் மறுபடி கேள்விக்குள்ளாகும். சத்தம் குத்தகைப் பத்திரம் ஆகாது.

கட்டுமான நிறுவனத்தின் பக்கத்தையும் பார்ப்போம், அவர்களை வில்லனாக்கிவிட்டால் யோசிக்கவே வேலை இல்லை. தாஷ்கண்ட் நிலநடுக்கப் பகுதி. பழைய கட்டிடம் ஒன்றைப் புதிய விதிகளுக்கு ஏற்ப வலுப்படுத்த வேண்டும் என்றால் வேலை தொடங்குவதே அஸ்திவாரத்தில்தான், அதாவது அரங்கு இருக்கும் தளத்தில். தீ விபத்து நேர்ந்தால் பேஸ்மென்ட்டிலிருந்து கூட்டம் வெளியேற எத்தனை வழி, காற்றோட்டம் எப்படி, மின்கம்பிகள் எந்தக் காலத்தவை என்பதெல்லாம் நியாயமான கேள்விகள். அங்கே நாடகம் பார்க்கிறவர்களின் உயிர் சம்பந்தப்பட்டது. ஆக, தற்காலிகமாக வெளியே போங்கள் என்று ஒரு பொறியாளர் சொன்னால் அதில் தப்பில்லை. "தற்காலிகமாக" என்ற சொல்லைப் பத்திரத்தில் எழுதச் சொன்னால் என்ன ஆகிறது என்பதில்தான் உள்நோக்கம் தெரியும்.

சரி, வேறு இடம்? யார் கொடுப்பார்கள் என்று முதலில் கேட்கணும். அரசு கொடுத்தால் அரசுக் கட்டிடம். அதற்கு ஒரு இயக்குநரகம், ஒரு மேற்பார்வை, ஒரு தேசிய விழாவுக்கு ஒரு நிகழ்ச்சி என்று மெதுவாக வரும். யாரும் எதையும் தடை செய்ய வேண்டியதே இல்லை, காதிரியின் அந்தப் பையனைப் பற்றிய நாடகத்தைப் போடலாமா என்று குழுவே இரண்டு முறை யோசிக்கத் தொடங்கிவிடும். கட்டுமான நிறுவனம் கொடுத்தால் பெரும்பாலும் ஊர்ப்புறத்தில், வணிக வளாகத்தின் மேல்மாடியில், சந்தை வாடகைக்கு. இல்ஹோம் இருப்பது பக்தகோர் மெட்ரோவுக்கும் விளையாட்டரங்குக்கும் பக்கத்தில், நகரத்தின் நடுவே. இரவு நாடகம் முடிந்து மாணவர்கள் கடைசி ரயிலைப் பிடிக்க முடிகிற தூரம். இதை வரைபடத்தில் ஏழு கிலோமீட்டர் தள்ளி வைத்தால் பார்வையாளர்களில் யார் குறைவார்கள் என்று சொல்ல ஆய்வு தேவையில்லை: கார் இல்லாதவர்கள். இந்த அரங்கு யாருக்காக இருக்கிறதோ அவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான்.

அளவும் பிரச்சினை. "நல்ல கூடம்" என்றால் திட்ட அதிகாரிகளின் மனதில் ஐந்நூறு நாற்காலி, சிவப்பு வெல்வெட். பெரிய கூடம் கிடைத்ததே பல சிறு குழுக்களுக்கு வினையாகிவிடும். நூறு பேருக்காகத் துணிந்து போடும் நாடகத்தை ஐந்நூறு நாற்காலியை நிரப்பப் போட முடியாது. நிரப்பத் தோதான நாடகத்தைத் தேட ஆரம்பிப்பார்கள். ஆறு மாதத்தில் நகைச்சுவை, ஒரு வருடத்தில் புத்தாண்டு நிகழ்ச்சி.

பக்கத்து நாடான கஜகஸ்தானின் அல்மாத்தி நகரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அங்கே 1964-ல் கட்டிய த்செலின்னி என்ற பெரிய திரையரங்கு இருந்தது. 2018-ல் உள்ளே வேலை நடந்தபோது, ஓவியர் யெவ்கேனி சிதோர்கின் சுவரில் கீறிச் செதுக்கிய பெரிய ஓவியம், பின்னாளில் வைத்த தடுப்புகளுக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டது. தனியார் பணத்தில், கட்டிடக் கலைஞர் ஆசிஃப் கான் வடிவமைப்பில், அது நவீனப் பண்பாட்டு மையமாகி 2025-ல் திறந்தது. அழகான வேலை. அதே நகரத்தில் 2001 முதல் இயங்கும் ஆர்டிஷோக் என்ற சுயாதீன நாடகக்குழுவுக்கோ எப்போதும் வாடகைக் கவலைதான், மற்ற சிறு குழுக்களுக்கும் அப்படியே. கட்டிடத்தைக் காப்பாற்றப் பணக்காரர் ஒருவர் கிடைப்பார். திறப்பு விழா உண்டு, புகைப்படம் உண்டு. மாத வாடகையை இருபது வருடத்துக்கு உறுதி செய்து கொடுப்பதில் புகைப்படம் எடுக்க ஒன்றுமில்லை. தாஷ்கண்டிலும் 1912-ல் கட்டிய பழைய டீசல் மின்நிலையத்தை நவீனக் கலை மையமாக மாற்ற அரசு ஸ்டூடியோ கேஓ என்ற பிரெஞ்சு நிறுவனத்தை அழைத்தது. கலைக்குப் பணம் இல்லாத நாடு என்று இனிமேல் சொல்ல முடியாது. பணம் எந்த வடிவத்தில் வருகிறது என்பதுதான் பேச்சு.

இல்ஹோமுக்கு, அதுபோன்ற எந்தக் குழுவுக்கும், உண்மையில் வேண்டியது என்னவென்று கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். கட்டிடம் விற்கப்பட்டாலும் புது உரிமையாளரைக் கட்டுப்படுத்தும் நீண்ட காலக் குத்தகை; இருபது வருடத்துக்குக் குறையாமல். வாடகை சந்தை விலையோடு ஏறாமல் ஒரு வரையறைக்குள் நிற்க வேண்டும். அதற்கு ஈடாக நகராட்சி உரிமையாளருக்கு வரியில் சலுகை கொடுக்கலாம், மேலே இரண்டு மாடி கூடுதலாகக் கட்ட அனுமதி கொடுக்கலாம்; வேறு நகரங்கள் இப்படிப் பேரம் பேசியிருக்கின்றன. பழுதுபார்க்க வெளியேற வேண்டும் என்றால் எத்தனை மாதம், அதுவரை எங்கே, திரும்பி வரும்போது எத்தனை சதுர மீட்டர், கூரை உயரம் எவ்வளவு என்று எழுத்தில் வேண்டும். கோடையில் அரங்குக்கு விடுமுறை, செப்டம்பரில் சீசன். வேலையைக் கோடையில் தொடங்கிப் பகுதி பகுதியாகச் செய்தாலே பாதிச் சண்டை இருக்காது.

நடிப்புப் பள்ளியையும் அந்தப் பத்திரத்தில் தனியாகக் குறிப்பிட வேண்டும், அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். நாடகத்தை ஒரு வருடம் வாடகைக் கூடங்களில் ஒப்பேற்றிவிடலாம். பயிற்சி மாணவர்களுக்குக் காலையிலிருந்து இரவு வரை ஒரே இடம் வேண்டும். பகலில் பாடம், மாலையில் மூத்த நடிகர்கள் ஆடுவதைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பது, இரவில் மேடையைப் பெருக்குவது. அந்தத் தொடர் ஒரு வருடம் அறுந்தால் ஒரு வகுப்பே சிதறிப்போகும். அவர்களில் திறமையானவர்கள் காத்திருக்க மாட்டார்கள். மாஸ்கோவுக்கோ, தொலைக்காட்சித் தொடர்களுக்கோ போய்விடுவார்கள், அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.